சாப்பிடச் சொன்ன காட்சி

மடிப்பக்காவின் முகத்தைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகையில், "துக்கம் என்றால் என்னவென்றே அறியாத முகம்" என்று எழுதியிருந்தார்கள். அதை அவளுக்கு வாசித்துக் காட்டியவள் நான். முதலில் நானாக ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். அந்தப் புத்தி அன்றைக்கு எனக்கு வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷம் ஒரே மருத்துவமனையில், ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னலே இல்லாத லினன் ரூம். சலவையிலிருந்து தள்ளுவண்டியில் சூடாக வந்து இறங்கும் பெட்ஷீட், தலையணை உறை, நோயாளிகள் போட்டுக்கொள்ளும் முதுகுப்பக்கம் நாடா வைத்த அங்கி, ஆபரேஷன் அறைக்குப் போகும் பச்சைத் துணி, எல்லாவற்றையும் பிரித்து, கிழிசல் பார்த்து, மடித்து, வார்டு வாரியாக அடுக்கி மேலே அனுப்ப வேண்டும். அக்கா மடித்து அடுக்கினால் நாற்பது பெட்ஷீட்டும் அட்டையை நறுக்கி வைத்தது போல நிற்கும். ஓரத்தோடு ஓரம் பொருந்தும். பெரிய டாக்டரிலிருந்து லிஃப்ட்காரர் வரைக்கும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு வேறு ஒரு பெயர் இருப்பது சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பாதி ஊருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தவன் நான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஒருநாள் மதியம் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண்ணை ஓட்டவிட்டுக்கொண்டிருந்தவருக்கு, பள்ளிக்குத் திரும்பிப் போக எந்தத் தெரு என்று தெரியாமல் போயிற்று. அந்தப் பெண்தான் வழி கேட்டுக் கேட்டு அவரைக் கொண்டுவந்து சேர்த்தாள். மறதி நோய் என்றார் டாக்டர். ஒரு வருஷத்துக்குள் வேலை நின்றது. பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டார். வாசலில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வலது காலால் தரையை அழுத்துவார். அந்த இடத்தில் மட்டும் சிமெண்டு தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரே மகள். விமானத்தில் ஏழு மணி நேரம் போக வேண்டிய ஊரில், ஒரு கம்பெனியில் வேலை. டாக்டர் சொன்ன அன்றைக்கு அக்கா மகளுக்கு ஃபோன் போட்டாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பாவுக்கு மறதி நோயாம். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க. இனிமே கூடத்தான் செய்யுமாம். நீ எப்படி இருக்க?"

"என்னம்மா இது, கரண்ட் பில் வந்திருக்குன்னு சொல்ற மாதிரி சொல்றே" என்று மகள் கேட்டது எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு மகளின் ஃபோன் குறைந்துபோனது. அம்மாவுக்கு மனசு கல்லு என்று சித்தப்பாவிடம் சொன்னாளாம். சித்தப்பா அதைச் சுடச்சுட அக்காவிடமே கொண்டுவந்து இறக்கினார்.

கல் இல்லை. அது எனக்குத் தெரியும். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே அழுகை வராது. கை வேலை தேடும், அவ்வளவுதான். மனசு சரியில்லாத நாளில் ஏற்கெனவே மடித்து வைத்ததை உதறி மறுபடியும் மடிப்பாள். அன்றைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, காலை முழுக்க ஒரே தலையணை உறைக் கட்டை நாலு தடவை மடித்தாள். ஐந்தாவது தடவை கையைப் பிடித்து நிறுத்தி என்ன என்று கேட்டேன். முந்தின சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்காரர் எழுந்து நின்று, ரொம்ப மரியாதையாக, "நீங்க யாரும்மா? என் வீட்டுக்காரி வர்ற நேரம். கொஞ்சம் கோவக்காரி. உங்களைப் பார்த்தா தப்பா நினைப்பா, நீங்க கிளம்பிடுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

"என்ன சொல்ல? அவங்க வர நேரமாகும், அதுக்குள்ள நீங்க சாப்பிட்டுடுங்கன்னு சொன்னேன். தட்டுல போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார். நான் கொடியில கிடந்த துணியை எடுத்து மடிச்சு வெச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள். இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை, அப்போது.

அடுத்த மூன்றாம் மாதம் டைரக்டர் தம்பி வந்து சேர்ந்தான். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவன். சொந்தமாக ஒரு படம் எடுக்கிறானாம், விண்வெளிப் படமாம். விண்கலத்தின் உள்சுவருக்கு வெள்ளைத் துணி நிறைய வேண்டும், மருத்துவமனையில் கழித்த பெட்ஷீட் சல்லிசாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அனுமதிக் காகிதத்தோடு கீழே இறங்கி வந்தவன், துணியைப் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் கழித்து, "அம்மா, என் படத்துல நடிக்கிறீங்களா?" என்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. துணி மூட்டை மேல் உட்கார்ந்து கதையைச் சொன்னான். ஒருவன் விண்கலத்தில் போகிறான். அது போகிற வேகத்தில் அவனுக்குப் பதினோரு நாள்தான் ஆகிறது, பூமியில் முப்பத்தொரு வருஷம் ஓடிவிடுகிறது. போன வயதிலேயே திரும்பி வருகிறான். பெண்டாட்டி கிழவியாகி நிற்கிறாள். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. என் மனைவி எங்கே என்று அவளிடமே கேட்கிறான். படத்தின் பெயர் 'பதினோரு நாள்'.

நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். அக்கா கையிலிருந்த பெட்ஷீட்டை மடித்து முடித்து, அடுக்கில் வைத்து, "எத்தனை நாள் வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் போன பிறகு, ஏன்க்கா ஒத்துக்கிட்டீங்க என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் நாற்காலியில உட்கார்ந்தபடியே அவ்வளவு தூரம் போயிட்டார். இந்தத் தம்பி அதுக்கு ஒரு வண்டியாவது கொடுக்கிறான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்பு. மூடிக் கிடந்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் மரச்சட்டம் அடித்து எங்கள் பெட்ஷீட்டுகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். சில துணிகளில் வார்டு எண் முத்திரை அப்படியே இருந்தது; அதன் மேல் வெள்ளி நிறக் காகிதம் ஒட்டினார்கள். துணைக்கு நானும் போனேன். விண்வெளிக்குப் போய்வந்த கணவனாக நடித்தவன் ஓர் உடற்பயிற்சி மாஸ்டர், முப்பது வயது. அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்றுவிடுவான். அவள் புருஷனாக நடிக்கிறவன் இப்படி எழுந்து நிற்கக்கூடாது என்று டைரக்டர் தம்பி திட்டுவான்.

அந்தக் காட்சி எடுத்த அன்று நான் இருந்தேன். கணவன் யாரென்று கேட்டதும் அவள் அவன் காலடியில் விழுந்து கதற வேண்டும், எழுதியிருந்தது அப்படித்தான். கேமரா ஓடியது. மாஸ்டர், "நீங்க யாரு? என் மனைவி எங்கே?" என்றான். அக்கா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்ல. பிறகு சொன்னாள்: "அவங்க வர நேரமாகும். அதுக்குள்ள நீங்க சாப்பிட்டுடுங்க." சொல்லிவிட்டுத் திரும்பி, கட்டில் மேல் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

யாரும் கட் சொல்லவில்லை. டைரக்டர் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். பிறகு ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை எங்கேயிருந்தும்மா எடுத்தீங்க?" என்றான். "வாயில வந்துச்சு" என்றாள் அக்கா. அவனிடம் அவள் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. படத்தின் உயிரே இந்தக் காட்சிதான் என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

படம் ஒரு வருஷம் கழித்து வெளிவந்தது. ஒரே ஒரு தியேட்டரில், காலை பதினொன்றரைக் காட்சி மட்டும். முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். எங்களைச் சேர்த்துப் பதினான்கு பேர். அதில் மூன்று பேர் ஏசிக்காக வந்தவர்கள், இடைவேளைக்குள்ளேயே தூங்கிவிட்டார்கள். அந்தக் காட்சி வந்தபோது பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு நாள் முடிந்ததும் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

விமர்சனங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மதியம் சாப்பிட்டு முடித்ததும் என் ஃபோனில் தேடி வாசிப்பேன், அக்கா மடித்துக்கொண்டே கேட்பாள். ஒரு நாளிதழில் நாலே வரி, தலைப்பு 'விண்கலமா, சலவைக்கடையா?' உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் சிரித்தோம். யூட்யூபில் தொப்பி போட்ட ஒருவன், அவனுக்குத்தான் பதினோரு நாள், எனக்கு முப்பத்தொரு வருஷம் ஆன மாதிரி இருந்துச்சு என்றான். அதற்கும் சிரித்தாள். இன்னொருவர் படம் முழுக்க அறிவியல் தப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அது எங்கள் தலைக்கு மேலே போய்விட்டது.

இணையத்தில் ஒரு பெண் பாராட்டி எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, சத்தமாக வாசித்தேன். "உணர்ச்சியை முற்றாக மறுக்கும் இயந்திர உடல்மொழி. மனிதத்தன்மை வற்றிப்போன எதிர்கால உடலாக அந்த நடிகை நிற்கிறார். துணி மடிக்கும் கைகள் ஒரு தொழிற்சாலைக் கருவியை நினைவூட்டுகின்றன." வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கியது.

"நல்லதாத்தான் சொல்றாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"நல்லதாத்தான் சொல்றாங்க."

"மிஷின் மாதிரியா இருந்தேன்?"

நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த வாரக் கடைசியில்தான் வாரப் பத்திரிகை வந்தது. அதில் எழுதுகிறவர் மூத்த விமர்சகர். முப்பது வருஷமாக எழுதுகிறவர், காசுக்கு எழுதாதவர் என்று டைரக்டர் தம்பியே அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவருக்காகவே படம் எடுத்த மாதிரி காத்திருந்தான். இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் முயற்சியைப் பாராட்டியிருந்தார். காலம் என்பதையே கண்ணீராக மாற்றத் துணிந்த கதை என்று எழுதியிருந்தார். நான் உற்சாகமாக இரண்டாம் பக்கத்துக்கு வந்தேன்.

"இத்தனை ஆழமான கதை முக்கியமான இடத்தில் தடுக்கி விழுகிறது. முப்பத்தொரு ஆண்டுகள் யாருக்காகக் காத்திருந்தாளோ அந்தக் கணவனே தன்னை யாரென்று கேட்கும்போது, உலகில் எந்தப் பெண்ணும் அவனைச் சாப்பிடச் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போகமாட்டாள். நடிப்பறியாத ஒருவரை நடிக்கவைத்ததன் விளைவு இது. துக்கம் என்றால் என்னவென்றே அறியாத முகம்."

வாசித்துவிட்டுத்தான் எனக்குப் புரிந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அக்கா அப்போதுதான் கட்டி முடித்திருந்த பச்சைத் துணிக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் அடம்பிடித்தேன். அக்கா தலையாட்டினாள், வேண்டாம் என்று.

"அவர் வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்க போல. இருக்கட்டும்" என்றாள்.

என்னால் இருக்க முடியவில்லை. பத்திரிகையில் போட்டிருந்த மின்னஞ்சல் முகவரிக்கு நானே எழுதினேன், அவளுக்குத் தெரியாமல். அந்தச் செவ்வாய்க்கிழமை, தட்டு, கொடித்துணி, எல்லாவற்றையும் எழுதினேன். உலகத்தில் ஒரு பெண் அப்படிச் செய்திருக்கிறாள் ஐயா, அவளைத்தான் நீங்கள் பார்த்தீர்கள் என்று முடித்தேன். மூன்றாம் நாளே பதில் வந்தது. ரொம்ப மரியாதையாக இருந்தது. உங்கள் தோழியின் நிலைக்கு வருந்துகிறேன் என்று தொடங்கி, "ஆனால் வாழ்க்கையில் நடந்தது என்பது கலைக்குச் சாட்சி ஆகாது. நடந்ததைப் பார்ப்பவன் நம்பும்படி செய்வதே கலை" என்று எழுதியிருந்தார். நாலைந்து தடவை படித்தேன். அதில் எது தப்பு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அதிகமாக எரிந்தது. பதிலை அக்காவிடம் காட்டவில்லை.

டைரக்டர் தம்பி ஒரு மாதம் கழித்து வந்தான். இளைத்திருந்தான். பழையபடி துணி மூட்டை மேல் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். வீட்டிலிருந்தபடியே பார்க்கிற மாதிரி இணையத்தில் படம் போடும் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறதாம். ஒரே நிபந்தனை. அந்தக் காட்சியை மாற்ற வேண்டும். அழ வேண்டும். மூத்த விமர்சகரே எழுதிவிட்டாரே என்கிறார்களாம்.

"படத்தோட உயிரே அதுதான்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன் நான், கொஞ்சம் சூடாகவே.

பதில் சொன்னது அக்காதான். "நாலு வருஷம் நாயா அலைஞ்சிருக்கீங்க தம்பி. எப்ப வரணும்னு சொல்லுங்க."

கிடங்கு இப்போது வேறு யாரிடமோ போய்விட்டதால், அவன் வீட்டு மாடி அறையில் துணியைக் கட்டி எடுத்தார்கள். கண்ணில் கிளிசரின் விட்டார்கள். கண்ணீர் தாரையாக ஓடியது. முகம் அசையவில்லை. வெங்காயம் அரியும்போது நிற்கிற மாதிரி நின்றாள். உங்களுக்கு ரொம்ப வேண்டியவங்க செத்துப்போனதா நினைச்சுக்குங்கம்மா என்றான் அவன். அக்கா நினைத்துப் பார்த்தாள் போலிருக்கிறது; கை தானாகக் கட்டிலில் கிடந்த துணிப் பக்கம் போயிற்று. துணியை எடுத்து ஒளித்துவைத்தார்கள். பதினேழு தடவை எடுத்தார்கள். கடைசியில் கேமராவை அவள் முதுகுப் பக்கம் வைத்து, தோளை எப்படிக் குலுக்குவது என்று ஒரு பெண் நடித்துக் காட்டினாள். அதைப் பார்த்து அக்கா தோளைக் குலுக்கினாள். அழுகைக் குரலை டப்பிங் பேசும் ஒரு நடிகை கொடுத்தாள். சாப்பிடச் சொன்ன வசனம் போயிற்று, துணி மடித்ததும் போயிற்று.

புதுப் படம் இணையத்தில் வந்தது. இந்த முறை விமர்சனங்களைத் தேட வேண்டியிருக்கவில்லை, தானாக வந்து விழுந்தன. கர்சீஃப் எடுத்துக்கொண்டு பாருங்கள் என்றான் அந்தத் தொப்பிக்காரன். மூத்த விமர்சகர் மறுபடியும் எழுதினார். குறையை ஏற்றுக்கொண்டு திருத்திய இளம் இயக்குநரை வாழ்த்தியவர், கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தார்: "அந்த நடிகையின் கணவரும் மறதி நோயால் மனைவியை அடையாளம் காண முடியாமல் இருப்பதாக ஒரு வாசகி மூலம் அறிந்தேன். முதல் வடிவத்தில் தன் ரணத்தை மூடிவைத்தவர், இம்முறை அதைத் திறந்திருக்கிறார். அந்த விசும்பல் நடிப்பல்ல."

அக்கா இதை என் ஃபோனில் தானே படித்தாள். உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டிப் படிப்பது போல மெதுவாக.

"வாசகின்னா யாரு?" என்றாள்.

நான்தான் என்று சொன்னேன். அவள் திட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வாரம், துணி சம்பந்தமாகத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மருத்துவமனை முழுக்கத் தெரிந்துவிட்டது. அதுவரை லினன் ரூம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாத நர்சுகள் இறங்கி வந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு வலியை உள்ளே வெச்சிருக்கீங்க என்றார்கள். முதல் இரண்டு பேரிடம், அது என் குரல் இல்லை என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆளிலிருந்து சும்மா இருந்துவிட்டாள்.

மகளும் பார்த்தாள். காலையில், நாங்கள் வேலையை ஆரம்பித்த நேரத்தில் ஃபோன் வந்தது. அழுதுகொண்டே பேசினாள். அக்கா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். உம், உம் என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. வைத்த பிறகு என்னிடம் வந்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"நீ இப்படி அழுவேன்னு எனக்குத் தெரியாதும்மாங்கிறா. உன்னைத் தப்பா நினைச்சுட்டேங்கிறா. அது என் குரல் இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா நாலு வருஷத்துல இன்னைக்குத்தான் அம்மான்னு இழுத்துக் கூப்பிட்டா. விட்டுட்டேன்."

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். அப்பாவுக்கு அவளையும் தெரியவில்லை. டிரைவிங் கற்றுக்கொள்ள வந்த பெண் என்று நினைத்து, முதலில் கண்ணாடியைச் சரி பண்ணிக்கணும் என்றார். அவள் அப்பாவின் மடியில் விழுந்து அழுதாள். அழுதுவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், தன்னோடு சேர்ந்து அழுவாள் என்று. அக்கா அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாளும். நான் பார்க்கப் போயிருந்த ஐந்தாம் நாள் மதியம் மகள் கேட்டுவிட்டாள்.

"கேமரா முன்னாடி அப்படி அழத் தெரியுதே. அப்பா முன்னாடி ஏம்மா முடியல?"

அக்கா அப்போது சொன்னாள், அழுதது தான் இல்லை, டப்பிங் நடிகை என்று. முதுகு மட்டும்தான் தன்னுடையது என்று. நடந்தது நடந்தபடி சொன்னாள், கரண்ட் பில் வந்திருப்பதைச் சொல்கிற அதே குரலில். முதலில் எடுத்த காட்சி என்ன, அது எங்கிருந்து வந்தது என்று நான் எடுத்துச் சொல்லப் போனேன். மகள் கேட்கவில்லை. "அப்ப அதுவும் பொய்யா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பத்து நாளுக்கு வந்தவள் ஆறாம் நாளே கிளம்பிவிட்டாள். வாசலில் டாக்சி வந்து நின்ற சத்தத்துக்கு அவர் காலால் தரையை அழுத்தினார்.

அவர் அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். கடைசி ஆறு வாரம் எங்கள் மருத்துவமனையிலேயே மூன்றாம் மாடியில் கிடந்தார். அவர் படுக்கைக்கு விரிக்கும் துணியை அக்கா கீழே தானே எடுத்துவைப்பாள், ஓரம் நையாததாகப் பார்த்து. பேச்சு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஒரு வியாழக்கிழமை முற்பகல், அக்காவும் நானும் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு அடங்கியது. அதற்கு முன் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். எங்களை என்றால், எங்களையும் தாண்டி, ஜன்னல் பக்கம். யாரையும் கூப்பிடவில்லை. அவர் உதடுகூட அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் படம் பார்த்தவர்கள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை என்றதும் அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சித்தப்பா என்னிடமே வந்து, சினிமாவுல பிச்சு உதறினாங்களே என்றார்.

மகளுக்கு விமானம் கிடைக்கவில்லை. ஃபோனில்தான் வந்தாள். அக்கா கூடத்தில் நின்று பேசினாள், நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். மகள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கடைசியிலயாவது அப்பாவுக்கு உன்னைத் தெரிஞ்சுதாம்மா?"

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"தெரிஞ்சுது" என்றாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டார்."

அந்தப் பக்கம் மகள் வெடித்து அழுதாள். நன்றிம்மா, நன்றிம்மா என்று என்னவோ அம்மா கொடுத்த பரிசு போலச் சொன்னாள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் நம்பிவிட்டாள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அக்கா ஓய்வு பெற்றுவிட்டாள். டைரக்டர் தம்பி இப்போது தொடர்கள் எடுக்கிறான். முதல் வடிவம் இருந்த டிஸ்கை அழித்துவிட்டு வேறு ஏதோ பதிந்துவிட்டதாகச் சொன்னான். ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னான். ஆக, அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் என்று உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆறு நாளில் வந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தாலே அதிகம்.

மகள் இப்போது வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் செய்கிறாள். அம்மாவிடம் அன்பாகத்தான் பேசுகிறாள். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். அப்பா எப்படிக் கூப்பிட்டார், சத்தமாகவா, மெதுவாகவா, கையைப் பிடித்தாரா. அக்கா சொல்வாள். போன மாதம் நான் போயிருந்தபோது என் காதிலும் விழுந்தது. கையைப் பிடித்தார், கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பு சொன்னதில் சிரிப்பு கிடையாது.

ஃபோனை வைத்ததும் அவளே பேசினாள்.

"சொல்லிச் சொல்லி எனக்கே அவர் கூப்பிட்ட மாதிரி இருக்கு. நிஜமா என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்குக்கா."

"நீ மறந்துடாத" என்றாள்.